வரி வாங்கும்போது எங்க இடம், கடன் கேட்டா யாரு இடம்?

கொஞ்சம் நீண்ட பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பெயர் வேண்டாம். 1993-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், இப்போது நாற்பதைத் தாண்டியவன். கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறான். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதில் சம்பளச் சீட்டு, மூன்று வருட வங்கிக் கணக்கு, சொத்து வரி ரசீது, இ.பி. கார்டு, அவன் பாட்டி பெயரில் இருந்த பழைய ரேஷன் கார்டு, எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தான். பள்ளியில் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டு வருவானே, அதே ஒழுங்கு.

வீட்டை இடித்துவிட்டுக் காங்கிரீட்டில் கட்ட வங்கியில் கடன் கேட்டிருக்கிறான். வருமானம் சரி, சிபில் சரி, பட்டா மட்டும் இல்லை. கடன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து அங்கதான் இருக்கோம் டீச்சர். வீட்டு வரி கட்றோம், தண்ணி வரி கட்றோம். வரி வாங்கும்போது எங்க இடம். கடன் கேட்டா மட்டும் யாரு இடம்?"

முப்பத்தைந்து வருடம் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தக் கேள்விக்கு உடனே பதில் வரவில்லை. அவன் போனபிறகு பல நாள் யோசித்தேன். பழைய புத்தகங்களை எடுத்துப் புரட்டினேன். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் நம் பாரிமுனைக்கு வாருங்கள். டேர் ஹவுஸ் கட்டிடத்தின் ஓரத்தில் ஒரு கல்தூண் நிற்கிறது. ஆயிரம் முறை அதைக் கடந்து போயிருப்பீர்கள். அது 1773-ஆம் வருடத்து எல்லைத் தூண். அப்படிச் சில தூண்களை நட்டு, 'இந்தக் கோட்டுக்குத் தெற்கே கோட்டை வரை யாரும் வீடு கட்டக்கூடாது' என்றார்கள் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள். மிஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான்.

ஏன் அந்தக் கோடு? 1640-ல் கோட்டை எழுந்தபின் அதற்குள் இருந்தது வெள்ளையர் நகரம். அதை ஒட்டி வடக்கே நெசவாளர், வியாபாரி, கூலிக்காரர் எல்லாம் வாழ்ந்தது கருப்பர் நகரம். ஆங்கிலேயர் தங்கள் வரைபடத்தில் எழுதிவைத்த பெயர்களே இவை. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749-ல் அது திரும்பி வந்தது. கோட்டைச் சுவரை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரிக்கு வசதி என்று அந்தப் பழைய கருப்பர் நகரத்தைக் கொஞ்சம் பிரெஞ்சுக்காரர்களும், மீதியை ஆங்கிலேயர்களும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று உயர் நீதிமன்றம் நிற்பது அந்த இடத்தில்தான். மக்கள் வடக்கே தள்ளப்பட்டார்கள். அந்தப் புதிய கருப்பர் நகரம்தான் பிற்பாடு ஜார்ஜ் டவுன் ஆனது.

புதிய நகரத்தைச் சுற்றி ஒரு மதில் கட்டினார்கள். அந்தச் செலவுக்கு அங்கே வசித்தவர்களிடமே வரி வாங்கத் திட்டமிட்டார்கள். வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் அப்படி வந்ததுதான். அந்த மதிலின் மிச்சம் பழைய வண்ணாரப்பேட்டை மாடிப் பூங்காவில் இருக்கிறது. உங்களில் பலரை நான் சுற்றுலா அழைத்துப்போன இடம். நீங்கள் ஓடிப்பிடித்து விளையாடிய அந்த மேடு ஒரு கோட்டைச் சுவர்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எந்த மண்ணில் யார் குடியிருக்கலாம், எது மதிப்புள்ள இடம், எது இடிக்கத்தக்க இடம் என்று கோடு போடுவது நம் ஊரில் பழைய வழக்கம். தூண் போனாலும் கோடு போகவில்லை. தாளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இதேபோன்ற ஒரு கோட்டை அமெரிக்காவில் பச்சையாகவே போட்டார்கள். அந்தக் கதை தெரிந்தால் நம் கதை நன்றாகப் புரியும்.

1930-களின் பெருமந்தத்தில் அங்கே லட்சக்கணக்கான வீடுகள் ஏலத்துக்கு வந்தன. அரசு 1933-ல் வீட்டுக் கடன் கழகம் ஒன்றை அமைத்தது. அந்தக் கழகம் 200-க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தது. கடன் கொடுக்கப் பாதுகாப்பான பகுதிக்குப் பச்சை, அடுத்தது நீலம், பிறகு மஞ்சள், ஆபத்தான பகுதிக்குச் சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்கு ஏறக்குறைய எல்லா ஊரிலும் சிவப்புதான். 1934-ல் வந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமும் வங்கிக் கடனுக்கு அரசு உத்தரவாதம் கொடுக்கும்போது கறுப்பினப் பகுதிகளை ஒதுக்கியது. கடன் கேட்பவர் நாணயமானவரா, வேலை இருக்கிறதா என்பது இரண்டாம் பட்சம். எந்தத் தெரு என்பதுதான் முதல் கேள்வி.

ஒரு தலைமுறையில் என்ன நடந்தது? வெள்ளையர் குடும்பம் குறைந்த வட்டியில் வீடு வாங்கியது. வீட்டின் விலை ஏறியது. அதை வைத்துப் பிள்ளை படித்தது. கறுப்பினக் குடும்பம் வாடகை கொடுத்துக்கொண்டே இருந்தது. கடன் கிடைக்காததால் வீடுகள் பழுதாகின. பழுதானதைக் காட்டியே 'பார்த்தாயா, இது மோசமான பகுதி' என்றார்கள். காரணமும் விளைவும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொண்டன.

1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே வாரத்தில், ஏப்ரல் 11 அன்று, வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் கடன் தருவதிலும் இனம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் கையெழுத்தானது. ஆனாலும் வங்கிகள் முழுதாக மாறவில்லை. 'எந்தப் பகுதியில் எவ்வளவு வீட்டுக் கடன் கொடுத்தாய் என்று ஊருக்குச் சொல்' என்று 1975-ல் ஒரு சட்டம் வந்தது. 'எந்தப் பகுதி மக்களின் சேமிப்பை வாங்குகிறாயோ, அந்தப் பகுதிக்கும் கடன் கொடு' என்று 1977-ல் இன்னொரு சட்டம் வந்தது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது திருவொற்றியூருக்குத் திரும்புவோம்.

நம் வங்கிப் படிவத்தில் சாதி கேட்டு யாரும் கடனை மறுப்பதில்லை. நிறம் பூசிய வரைபடமும் இல்லை. 'பட்டா கொண்டு வா' என்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்விதான். வங்கியின் பக்கமும் நியாயம் உண்டு. அது போடுவது ஊரார் பணம். கடன் திரும்பாவிட்டால் விற்று எடுக்க உரிமைப் பத்திரம் வேண்டும். 1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே கல்கத்தா, மதராஸ், பம்பாய் நகரங்களில் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கும் அடமான முறை உண்டு. பத்திரம் வைத்திருந்தவனுக்கு அன்றே கதவு திறந்துதான் இருந்தது.

அந்தத் தாள் யார் கைக்குப் போனது, யார் கைக்குப் போகவில்லை? வரலாறு தொடங்குவது அங்கேதான்.

அன்று திருவொற்றியூர் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் மிராசுதார்களுக்கு நிலத்தின் மேல் மட்டுமல்ல, சேரியில் இருந்த குடிசை மனையின் மேலும் பிடி இருந்தது. கூலி கேட்டால், எதிர்த்துப் பேசினால், குடியிருக்கும் மனையிலிருந்தே விரட்டலாம். ட்ரெமென்ஹீர் என்ற கலெக்டர் இதை விரிவாக எழுதி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1892-ல் பஞ்சமி நில ஆணை வந்தது. பிறகு 1920 வாக்கில் தொழிலாளர் துறை என்று ஒன்றை அமைத்து, தாழ்த்தப்பட்டோருக்கு வீட்டு மனை வாங்கிக் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த மனைக்கான பணத்தை அவர்கள் கூட்டுறவுச் சங்கம் வழியாகத் தவணையில் கட்டினார்கள். இலவசமாகக் கொடுத்தார்கள் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். வாய்ப்புக் கிடைத்த இடத்தில் அந்த மக்கள் கடன் வாங்கியிருக்கிறார்கள், கட்டியும் இருக்கிறார்கள்.

அதே காலத்தில் நகரத்தின் தெற்கே என்ன நடந்தது? மயிலாப்பூரில் இந்து பெர்மனென்ட் ஃபண்டு 1872-லேயே தொடங்கிவிட்டது. மாதச் சம்பளக்காரர்கள் சேர்ந்து சேமித்து, அவர்களுக்குள் கடன் கொடுத்துக்கொண்டார்கள். 1920-களில் மாம்பலத்தில் தியாகராய நகர் திட்டமிட்டு எழுந்தது. 1940-களின் கடைசியில் அடையாறு காந்தி நகரைக் கூட்டுறவு வீடு கட்டும் சங்கம் உருவாக்கியது. நல்ல காரியங்கள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் உறுப்பினராக நிலையான சம்பளம் வேண்டும், அடமானத்துக்குப் பத்திரம் வேண்டும், சிபாரிசுக்கு ஆள் வேண்டும். மூன்றும் யாரிடம் இருந்தன என்று நீங்களே யோசியுங்கள்.

நம் வடக்கே முதலீடு வரவில்லையா? கொட்டியது. 1856-ல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடியது. எண்ணூரில் 1948-ல் அசோக் நிறுவனம் வந்தது. திருவொற்றியூரில் 1955-ல் என்ஃபீல்டு வந்தது. மணலியில் 1969-ல் சுத்திகரிப்பு ஆலை, 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம். இந்தியாவின் மோட்டார் வண்டியும் பெட்ரோலும் மின்சாரமும் நம் வாசலில் தயாராயின. கரியும் புகையும்கூட நம் வாசலில்தான் விழுந்தன. ஆலைக்கு நிலம் கிடைத்தது, கடன் கிடைத்தது. ஆலைக்குள் வேலை செய்த கேஷுவல் தொழிலாளி குடியிருந்த மண்ணுக்கு அரசுப் பதிவேட்டில் ஒரு பெயர் இருந்தது: புறம்போக்கு.

பிள்ளைகளே, அந்தச் சொல்லைக் கவனியுங்கள். வரிக் கணக்குக்குப் புறம்பான பொது நிலம் என்பதுதான் அதன் பொருள். அந்த நிலத்தில் வாழ்ந்தவர்களைத் திட்டுவதற்கு அதே சொல்லை எடுத்துக்கொண்டோம். வகுப்பில் யாராவது அப்படித் திட்டினால் நான் அடித்திருக்கிறேன். ஏன் அடித்தேன் என்று அன்று விளக்கவில்லை. இதுதான் காரணம்.

1962-லிருந்து இன்னொரு கோடும் சேர்ந்தது. சென்னையைச் சுற்றி 'பெல்ட் ஏரியா' என்று ஒரு வளையம். அதற்குள் புறம்போக்கில் குடியிருப்பவருக்குப் பட்டா கொடுக்கத் தடை. நகரம் வளரும், நிலம் தேவைப்படும் என்ற எண்ணம். நகரம் வளர்ந்தது. யார் உழைப்பில் வளர்ந்ததோ அவர்களுக்குத்தான் தாள் இல்லை. அவர்களில் எல்லாச் சாதி ஏழைகளும் உண்டு. ஆனால் தலித் மக்களும் மீனவ மக்களும் எவ்வளவு பேர் என்று நம் தெருக்களில் நடந்தவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவின் நிறவெறியும் நம் சாதியும் ஒன்றல்ல. ஆனால் பழைய அநீதி ஒன்று 'ஆவணம் சரியில்லை' என்ற நடுநிலையான வாக்கியமாக மாறி நிற்கும் விதம் ஒன்றுதான்.

1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்தது. 1971-ல் சட்டம் வந்தது. அப்போது சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் அடையாளம் காணப்பட்டு அறிவிக்கப்பட்டன. பட்டியலில் இருந்தால் தண்ணீர், கழிப்பிடம், ஓரளவு பாதுகாப்பு. 1985-ல் இன்னும் 17 சேர்ந்தன. அதற்குப் பிறகு சென்னையில் புதிதாக அறிவிப்பே இல்லை. அதன்பின் உருவானவை பட்டியலிலும் இல்லை, பட்டாவிலும் இல்லை.

நல்ல முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. அமெரிக்காவில் அந்தச் சட்டம் வந்த அதே 1977-ல், உலக வங்கிக் கடனில் சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், முகப்பேரில் சிறு சிறு மனைகளாகப் பிரித்து, தண்ணீரும் சாக்கடையும் போட்டு, ஏழைகளுக்குத் தவணை முறையில் கொடுத்தார்கள். பெரிய மனைகளை விற்ற லாபத்தில் சிறிய மனைகளின் விலை குறைந்தது. மக்கள் முதலில் ஓர் அறை, பிறகு மாடி என்று அவர்களே கட்டிக்கொண்டார்கள். இன்று முகப்பேரில் போய்ப் பாருங்கள். அரசு அங்கே கொடுத்தது மாளிகை இல்லை. ஒரு துண்டு மண், அதற்கு ஒரு தாள், கட்டக்கூடிய ஒரு தவணை, அவ்வளவுதான்.

இனி என் கதை. இதைச் சொல்லாமல் மேலே சொன்னதெல்லாம் வெறும் பாடம்.

1992-ல் நான் வீடு கட்டினேன். அரசு ஊழியர் என்பதால் வீடு கட்ட முன்பணம் கிடைத்தது. குறைந்த வட்டி, சம்பளத்தில் பிடித்தம். என் மனைக்குப் பட்டா இருந்தது. தெருவுக்கு இந்தப் பக்கம் பட்டா, அந்தப் பக்கம் புறம்போக்கு. அந்தப் பக்கத்து ஜனங்கள் எனக்கு முப்பது வருடம் முன்னாலேயே அங்கே வந்தவர்கள்.

1994-ல் ஒருநாள் மாலை, அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். கூரையை மாற்றி ஷீட் போட 15,000 ரூபாய் கடன் கேட்டிருந்தார். அரசு ஊழியர் ஒருவர் ஜாமீன் போட்டால் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

"ஒரே ஒரு கையெழுத்து டீச்சர். மாசா மாசம் நானே கட்டிடுவேன். உங்களுக்கு ஒரு கெட்ட பேரும் வராது."

அவர் நாணயமானவர் என்று எனக்குத் தெரியும். பையனுக்கு ஒரு நாள்கூட நோட்டு வாங்கித் தராமல் இருந்ததில்லை. ஆனாலும் நான் போடவில்லை. "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். பிறகு சொல்லவே இல்லை. என்ன பயம்? அவர்மேல் சந்தேகமா? இல்லை, அந்தத் தெருமேல். 'அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கெல்லாம் ஜாமீன் போடாதே' என்று உறவில் ஒருவர் சொன்னார், நானும் கேட்டுக்கொண்டேன். அமெரிக்க வரைபடத்தில் சிவப்பு பூசியவனுக்கும் எனக்கும் அந்த மாலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

அவர் தண்டல் வாங்கினார். 10,000 என்று எழுதிக்கொண்டு கையில் 8,500 கொடுப்பான். தினம் 100 ரூபாய், நூறு நாள். கணக்குப் போடுங்கள், எல்லாரும் என்னிடம் வட்டிக் கணக்குப் படித்தவர்கள்தானே. 8,500-க்கு 1,500 வட்டி. அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக ஐம்பது நாளுக்கான வட்டி அது. ஆண்டுக்கு 100 விழுக்காட்டையும் தாண்டிவிடும். நான் அரசுக்குக் கட்டியதைவிடப் பல மடங்கு. ஒரே தெரு, ஒரே மழை, இரண்டு வட்டி. அவர் அதையும் ஒழுங்காகக் கட்டினார். ஒரு தண்டல் முடிய இன்னொரு தண்டல். பையன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனான்.

ஃபைலோடு வந்தானே, அவன்தான் அந்தப் பையன். அப்பா இப்போது இல்லை.

இன்று நிலைமை மாறியிருக்கிறதா? மாறியிருக்கிறது, பாதி தூரம். சாதி, மதம், ஆண் பெண் பார்த்துக் கடனில் பாகுபாடு காட்டக்கூடாது என்று 2003-ல் ரிசர்வ் வங்கி விதி செய்தது. கடன் மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்ற விதி பிறகு எல்லாக் கடனுக்கும் விரிவானது. ஆனால் 2006-ல் வந்த சச்சார் குழு அறிக்கையோ, முஸ்லிம்கள் அதிகம் வாழும் சில பகுதிகளை வங்கிகள் 'எதிர்மறைப் பகுதி' என்று குறித்து வைத்திருந்ததைப் பதிவு செய்தது. வரைபடம் இல்லை என்று சொன்னேன் அல்லவா, சில இடங்களில் பட்டியலாவது இருந்திருக்கிறது.

இன்னொரு குறை. வங்கிகள் திரட்டும் சேமிப்பு, கொடுக்கும் கடன் எல்லாம் மாவட்டக் கணக்காக வெளிவருகின்றன. சென்னை ஒரே மாவட்டம். 2011-ல் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மாநகராட்சியோடு சேர்ந்தன. அடையாறும் எண்ணூரும் ஒரே கூட்டுத்தொகைக்குள் போனால் யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்று எப்படித் தெரியும்? வார்டு வாரியாக வீட்டுக் கடனை வெளியிட வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் இல்லை. அமெரிக்காவின் 1975 சட்டத்தை நினைவில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். தேர்வு வைக்காமல் பிள்ளை படிக்கிறதா என்று சொல்ல முடியாது. கணக்கு வெளிவராமல் நியாயம் நடக்கிறதா என்றும் சொல்ல முடியாது.

ஒரு நல்ல செய்தி. 2025 பிப்ரவரியில் தமிழக அமைச்சரவை பெல்ட் ஏரியா தடையைத் தளர்த்தி, ஆட்சேபணையற்ற புறம்போக்கில் வாழும் சுமார் 86 ஆயிரம் பேருக்குப் பட்டா வழங்க முடிவு செய்தது. அதில் சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் மட்டும் 29 ஆயிரத்துக்கு மேல். நீர்நிலைப் புறம்போக்கு இதில் வராது. அறுபது வருடத்துக் கோடு ஒன்று அழியத் தொடங்கியிருக்கிறது.

அவனை அழைத்துக்கொண்டு தாலுகா அலுவலகம் போனேன். மனு கொடுத்து ரசீது வாங்கியாயிற்று. நிலத்தை அளக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் வரவில்லை. கடனை மறுத்த காரணத்தை எழுத்தில் கேட்டு வங்கிக்கும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். கடிதம் எழுதும்போது அவனிடம் 1994-ஐப் பற்றிச் சொன்னேன்.

"தெரியும் டீச்சர். அப்பா சொல்லியிருக்காரு. டீச்சருக்கு என்ன கஷ்டமோ, விடுன்னாரு."

அதற்குப் பிறகு எனக்கு எழுத்து ஓடவில்லை. மீதியை அவனே எழுதி முடித்தான்.

என் பிள்ளைகளில் வங்கியில் இருப்பவர்கள் உண்டு, வருவாய்த் துறையில் இருப்பவர்கள் உண்டு, கடன் நிறுவனங்களுக்கு வீடு வீடாகப் போய்ச் சரிபார்ப்பவர்களும் உண்டு. உங்களிடம் ஒரே வேண்டுகோள். ஒரு ஃபைல் மேசைக்கு வரும்போது முகவரியைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பாருங்கள். விதி இடம் தரவில்லை என்றால், எந்தத் தாள் வேண்டும், அதை எங்கே வாங்கலாம் என்று சொல்லி அனுப்புங்கள். புறம்போக்கில் இருப்பவர்கள் பழைய வரி ரசீது, மின் கட்டண ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். உறவுகளே, 'அந்தப் பக்கத்து ஆளுங்க' என்று வீட்டில் பேசுவதை நிறுத்துவோம். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பட்டா வந்தால் வந்து சொல்கிறேன் என்று போயிருக்கிறான். வந்தால் நானும் இங்கே எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
திருவொற்றியூர்